பழைய மில்லிங் மெஷினை வீட்டுப் பட்டறையில் ஓட வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் மூடப்பட்ட ஒரு சிறு பட்டறையிலிருந்து டரட் வகை மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தை வெட்டும் மெஷின்) ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் நிறுத்தி, ஓய்வு நேரங்களில் பழுதுபார்த்து ஓட வைத்தேன். எச்.எம்.டி.யின் எம்1டிஆர் என்ற மாடல் பெயரையே இந்த வகை முழுவதற்கும் நம் ஊர்ப் பட்டறைகளில் சொல்கிறார்கள். என்னுடையது அதே அமைப்பில் வேறொருவர் செய்தது. மோட்டார் 2 ஹெச்பி, மூன்று பேஸ். வீட்டில் இருப்பதோ ஒரு பேஸ் இணைப்பு. அதன் பிறகு இதே வழியில் இறங்க நினைக்கும் பலர் என்னிடம் கேட்டவற்றையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். மின்சாரம் முதலில், அளவு அடுத்தது, பெயிண்ட் கடைசி. இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

காந்த அடிப்பாகத்துடன் ஒரு டயல் கேஜ், ஒரு டார்ச் விளக்கு, பழைய துணி. இந்த மூன்றும் இல்லாமல் போகாதீர்கள்.

முதலில் டேபிளைக் கடைசிவரை ஒரு பக்கம் ஓட்டி, அடியில் உள்ள வழித்தடங்களைத் துடைத்துப் பாருங்கள். தயாரித்தபோது கையால் செதுக்கிய பிறை வடிவத் தடங்கள் தெரிய வேண்டும். முனைகளில் மட்டும் தெரிந்து நடுவில் வழவழவென்று இருந்தால், நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. நகத்தால் தேய்ந்த ஓரத்தைத் தடவினால் படி தட்டுப்படும். அடுத்து, நடுவில் டேபிளை நகர்த்த எவ்வளவு பலம் தேவைப்படுகிறது, இரு முனைகளிலும் எவ்வளவு தேவைப்படுகிறது என்று கைப்பிடியில் உணர்ந்து பாருங்கள். நடுவில் தளர்ந்தும் முனைகளில் இறுகியும் இருந்தால் அதே தேய்மானத்தின் இன்னொரு சாட்சி.

பிறகு ஸ்பிண்டில், அதாவது கட்டரைச் சுழற்றும் தண்டு. கட்டர் பிடிக்கும் கூம்புத் துளைக்குள் டயலின் முனையை வைத்து, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி 0.01 மி.மீ. அளவில் ஆடினால் கவலை இல்லை. 0.05ஐத் தாண்டினால் பேரிங்கோ கூம்போ கெட்டிருக்கிறது. அதற்குரிய செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள். கூம்பு ஐ.எஸ்.ஓ. 40 வகையா, 30 வகையா, ஆர்8 வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டரைப் பிடிக்கும் கோலெட்டும் ஆர்பரும் வாங்கும் செலவு அதைப் பொறுத்தது. பழைய மெஷின் வாங்கும் பலர் இந்தத் துணைக்கருவிச் செலவை மறந்துவிடுகிறார்கள். வைஸ், கோலெட் செட், கட்டர் என்று சேர்ந்தால் மெஷின் விலையில் கணிசமான பங்கு வந்துவிடும். பட்டறையை மூடுபவரிடம் அவற்றையும் சேர்த்துக் கேட்பதே நல்லது.

ஒரு எச்சரிக்கை. நான் முதலில் பார்க்கப் போன மெஷின் புத்தம் புதிதுபோல் பச்சைப் பெயிண்டில் பளபளத்தது. துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தபோது, டேபிளில் டிரில் விழுந்த குழிகளைப் புட்டி வைத்து மூடியிருந்தது தெரிந்தது. அதன் பிறகு நான் தேடியது, எண்ணெய் அப்பிய, பெயிண்ட் உரிந்த, ஆனால் கடைசி நாள் வரை வேலை செய்த மெஷினைத்தான்.

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள், ஓட்டிப் பார்க்க முடியவில்லை. வாங்கலாமா?

வாங்கலாம். மோட்டார் எரிந்திருந்தால்கூட அது பெரிய நஷ்டம் இல்லை. பம்புசெட்டுக்கும் கிரைண்டருக்கும் மோட்டார் செய்யும் ஊரில், காயில் கட்டும் கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது. தேய்ந்த வழித்தடமும் உடைந்த வார்ப்பும்தான் உண்மையான நஷ்டம். அவற்றை மின்சாரம் இல்லாமலேயே பார்த்துவிடலாம்.

ஒரு டன் எடையை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது?

இந்த வகை மெஷின் ஏறத்தாழ ஒரு டன் வரும். எடையை விட ஆபத்தானது அதன் தலைக்கனம்: மோட்டாரும் ஹெட்டும் மேலே நீட்டிக்கொண்டிருப்பதால் சற்றே சாய்ந்தாலும் கவிழும். ஹெட்டைத் தாங்கி முன்னும் பின்னும் நகரும் ‘ராம்’ என்ற கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளி, ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பித் தொங்கவிட்டு, டேபிளைத் தாங்கி மேலும் கீழும் நகரும் ‘நீ’ (knee) என்ற பகுதியை இறக்கி, எல்லாவற்றையும் பூட்டுங்கள். ஹெட்டுக்கும் டேபிளுக்கும் இடையில் மரக்கட்டை கொடுங்கள். ஹெட்டைத் திருப்பும் போல்ட்டுகளைத் தளர்த்தும்போது ஒருவர் தாங்கிப் பிடிக்காவிட்டால் அது சட்டென்று விழும்.

லாரியில் ஏற்ற இறக்க கிரேன் வைத்துக்கொள்ளுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். வாசலிலிருந்து கொட்டகைவரை ஒன்றரை அங்குலக் குழாய்த்துண்டுகள் ஐந்தும் கடப்பாரை இரண்டும் போதும். தரை குறைந்தது நான்கு அங்குல கான்கிரீட்டாக இருக்கட்டும். டைல்ஸ் பதித்த தரையில் உருட்டினால் டைல்ஸ் நொறுங்கும்.

வீட்டில் ஒரு பேஸ்தான் வருகிறது. மூன்று பேஸ் மோட்டாரை எப்படி ஓட்டுவது?

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். 2 ஹெச்பி வரையிலான மோட்டாருக்கு என் பதில் வி.எஃப்.டி. என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. 230 வோல்ட் ஒரு பேஸ் மின்சாரத்தை வாங்கி முதலில் டி.சி.யாக்கி, அதிலிருந்து மூன்று பேஸை உருவாக்கித் தருகிறது. கூடவே வேகத்தை ஒரு குமிழால் கூட்டிக் குறைக்கலாம், மெதுவாகத் துவக்கலாம், திசையை மாற்றலாம்.

இங்கே ஒரு முடிச்சு உண்டு. இப்படிப்பட்ட சாதாரண வி.எஃப்.டி. தருவது மூன்று பேஸ் 230 வோல்ட்; 415 வோல்ட் அல்ல. நம் மோட்டாரின் பெயர்ப்பலகையோ 415 என்கிறது. அப்படியே இணைத்தால் மோட்டார் சுற்றும், ஆனால் வலு இருக்காது. கட்டர் வேலைப்பொருளைத் தொட்டதும் திணறி நின்றுவிடும். இதைப் பார்த்துவிட்டு வி.எஃப்.டி.யே பயனற்றது என்று முடிவுகட்டியவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

முடிச்சை அவிழ்க்கும் வழி மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. நம் நாட்டில் 2 ஹெச்பி வரையிலான மோட்டார்களை வழக்கமாக 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பிலும் (மூன்று காயில்களின் ஒரு முனைகளை ஒன்றாக முடிவது), 3 ஹெச்பியும் அதற்கு மேலும் உள்ளவற்றை டெல்டா இணைப்பிலும் (காயில்களை முக்கோணமாக இணைப்பது) கட்டுகிறார்கள். ஸ்டாரில் 415 வோல்ட் கொடுத்தால் ஒவ்வொரு காயிலுக்கும் கிடைப்பது 240 வோல்ட்தான். அதே மோட்டாரை டெல்டாவாக மாற்றினால், 230 வோல்ட்டிலேயே ஒவ்வொரு காயிலும் கிட்டத்தட்ட தனக்குரிய முழு அழுத்தத்தைப் பெற்றுவிடும். மின்னோட்டம் மட்டும் 1.73 மடங்கு கூடும்: ஸ்டாரில் மூன்றரை ஆம்பியர் இழுத்த மோட்டார் டெல்டாவில் ஆறு ஆம்பியர் இழுக்கும்.

டெர்மினல் பெட்டியைத் திறந்தேன், ஆறு முனைகளுக்குப் பதில் மூன்றுதான் இருக்கின்றன. என்ன செய்வது?

சிறிய மோட்டார்களில் இது சகஜம். ஸ்டார் முடிச்சை உள்ளேயே போட்டு வார்னிஷ் ஊற்றிவிடுவார்கள். காயில் கட்டும் கடையில் கொடுத்து, "ஸ்டார் முடிச்சைப் பிரித்து ஆறு வயரையும் வெளியே எடுத்துக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். புதிதாகக் காயில் கட்டத் தேவையில்லை. என் மோட்டாருக்கு அரை நாள் வேலை. கூடவே இரண்டு பேரிங்குகளையும் மாற்றச் சொன்னேன், எப்படியும் கழற்றியாகிவிட்டது. திரும்ப வாங்கும்போது 500 வோல்ட் மெக்கரில் காயிலுக்கும் உடலுக்கும் இடையே உள்ள தடையை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் ஈரம் கோத்திருக்கிறது, உலர்த்த வேண்டும்.

பெயர்ப்பலகையில் இரண்டு வேகங்கள் எழுதியிருக்கும் இரு வேக மோட்டாருக்கு இந்த மாற்றம் பொருந்தாது. அதற்குச் சாதாரண ஒற்றை வேக மோட்டார் ஒன்றை மாற்றிப் போடுவதே எளிது. வி.எஃப்.டி. இருந்தால் இரண்டாவது வேகத்துக்குத் தேவையும் இல்லை.

வி.எஃப்.டி.யை இணைக்கும்போது எங்கே தவறு நடக்கிறது?

பழைய மெஷினில் முன்னே, பின்னே, நிறுத்து என்று திருப்பும் சுவிட்ச் ஒன்று இருக்கும். பலர் அதை அப்படியே விட்டுவிட்டு, வி.எஃப்.டி.யின் வெளியீட்டை அதன் வழியாக மோட்டாருக்குக் கொண்டுபோகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த சுவிட்சைத் திருப்பினால் வி.எஃப்.டி. எரிந்துபோகலாம். வி.எஃப்.டி.யிலிருந்து மோட்டாருக்கு வயர் நேராகப் போக வேண்டும். நடுவில் சுவிட்ச், கண்டென்சர், ஸ்டார்ட்டர் எதுவும் கூடாது. பழைய சுவிட்சின் அழகை இழக்க மனமில்லையென்றால், அதன் முனைகளை வி.எஃப்.டி.யின் கட்டுப்பாட்டு முனைகளுக்குக் கொண்டுபோகலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அமைப்புகளில் நான்கு முக்கியம். அடிப்படை அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், அடிப்படை வோல்ட்டேஜ் 230, மோட்டார் மின்னோட்டம் டெல்டாவுக்குரிய அளவு, வேகமெடுக்கும் நேரம் மூன்று முதல் ஐந்து விநாடி. மின்னோட்ட அளவைச் சரியாகப் பதிந்தால்தான் மோட்டார் சூடேறுவதற்குள் கருவி நிறுத்தும்.

2 ஹெச்பி முழுச்சுமையில் ஓடும்போது உள்ளே வரும் ஒரு பேஸ் லைன் 14, 15 ஆம்பியர் வரை இழுக்கும். ஏ.சி.க்குப் போடுவது போலத் தனி எம்.சி.பி.யும் 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியும் போடுங்கள். எர்த் மிகவும் முக்கியம். மெஷினின் உடல், மோட்டார், வி.எஃப்.டி. மூன்றும் ஒரே எர்த்தில் சேர வேண்டும். இந்தப் பகுதியை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மெயினை அணைத்த பிறகும் உள்ளே உள்ள கண்டென்சர்களில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். மூடியைத் திறக்குமுன் பத்து நிமிடம் காத்திருங்கள்.

பெல்ட் மாற்றாமல் வி.எஃப்.டி. குமிழிலேயே எல்லா வேகத்தையும் எடுக்கலாமா?

கூடாது. 25 ஹெர்ட்ஸில் மோட்டாரின் திறன் பாதியாகிவிடும். அதன் சொந்த விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு தங்கும். பெரிய கட்டருக்கு பெல்ட்டை மாற்றி அல்லது பேக் கியர் போட்டு வேகத்தைக் குறையுங்கள். குமிழ், அதற்குள் நுணுக்கமாகச் சரிசெய்வதற்கு மட்டும்.

தோட்டத்தில் கண்டென்சர் வைத்து மோட்டார் ஓட்டுகிறோமே, அது போதாதா?

ஒரு பேஸ் போய்விட்டால் கண்டென்சர் வைத்து பம்புசெட்டை ஓட்டும் பழக்கம் நம் கிராமங்களில் நன்றாகத் தெரிந்ததுதான். அதே முறையை மில்லிங் மெஷினுக்கும் செய்யலாம், சுற்றும். ஆனால் மூன்று காயில்களுக்கும் சமமான மின்சாரம் போகாது. மோட்டாரின் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும், சூடும் அதிகம். பம்புக்குச் சுமை எப்போதும் ஒரே அளவு. அதற்கேற்ற கண்டென்சரைப் பொருத்திவிடலாம். மில்லிங்கில் கட்டரின் ஒவ்வொரு பல்லும் கடிக்கும்போது சுமை ஏறி இறங்கும். அந்த அதிர்வு வேலைப்பொருளின் மேற்பரப்பில் வரி வரியாகத் தெரியும்.

மூன்று பேஸ் இணைப்பே வாங்கிவிடலாமா?

மின்வாரியம் வீட்டுக்கும் மூன்று பேஸ் தருகிறது. 3 ஹெச்பிக்கு மேற்பட்ட மோட்டார், தனி ஃபீட் மோட்டார், கூலன்ட் பம்ப் என்று பல மோட்டார்கள் உள்ள மெஷினுக்கு அதுவே சிறந்த வழி. ஆனால் வீட்டு இணைப்பு வீட்டு உபயோகத்துக்குத்தான். சொந்த ஆர்வத்துக்குச் செய்வது வேறு. கூலிக்கு வேலை எடுக்க ஆரம்பித்தால் அதற்குரிய கட்டணப் பிரிவில் இணைப்பு பெற வேண்டும். விவசாய இணைப்பிலிருந்து வயர் இழுத்து மெஷின் ஓட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. அந்த இலவச மின்சாரம் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்கானது. வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் அபராதத்துக்குரிய குற்றம்.

வேலை நடுவில் மின்சாரம் போய், திரும்ப வந்தால்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டியவர்கள் எல்லோரும். மின்சாரம் போனதும் கட்டரைத் துடைக்கக் கை போகும். அந்த நேரத்தில் மின்சாரம் வந்து மெஷின் தானாகச் சுற்றினால் விரல் போய்விடும். வி.எஃப்.டி.யை நிலைத்து நிற்கும் சுவிட்சால் இயக்கினால், சில அமைப்புகளில் அது அப்படியே மீண்டும் துவங்கும். அழுத்தியதும் விடுபடும் பச்சை, சிவப்புப் பொத்தான்களைக் கொண்ட மூன்று வயர் கட்டுப்பாட்டைப் போட்டு, மின்சாரம் வந்தாலும் பச்சையை மறுபடி அழுத்தாமல் ஓடாதபடி அமையுங்கள். என்னைப் போலத் திருப்பு சுவிட்சை வைத்திருப்பவர்கள் அதைத் திசைக்கு மட்டும் பயன்படுத்தி, துவக்கத்தைப் பொத்தானிடம் விடலாம். இணைத்த பிறகு மெயினை அணைத்துப் போட்டுச் சோதித்துப் பாருங்கள்.

மெஷினை முழுவதும் கழற்ற வேண்டுமா?

முதலில் வேண்டாம். ஓட்டுங்கள், எண்ணெய் விடுங்கள், அளந்து பாருங்கள், எது கெட்டிருக்கிறது என்று எழுதுங்கள். அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒரு பகுதியைக் கழற்றுங்கள். முழு மெஷினையும் ஒரே வாரத்தில் பிரித்துத் தரையில் பரப்பியவர்களின் கொட்டகையில் அது பல ஆண்டுகளாக அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மனம் வலிக்கும் காட்சி அது. ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். மெல்லிய ஷிம் தகடுகள் எந்தப் பக்கம் இருந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

துருவை எப்படி எடுப்பது? என்ன எண்ணெய் விடுவது?

வழித்தடங்களின் மீது எமரி தாளைக் கொண்டுபோகாதீர்கள். மண்ணெண்ணெய் அல்லது டீசலில் ஊறவிட்டு, பித்தளைத் தகட்டால் சுரண்டி, துணியால் துடையுங்கள். டேபிளில் எழும்பி நிற்கும் அடிபட்ட விளிம்புகளை மட்டும் எண்ணெய்க்கல்லால் தேய்த்துச் சமமாக்குங்கள். குழிகள் இருந்தால் இருக்கட்டும். குழி அளவைக் கெடுக்காது, மேடுதான் கெடுக்கும்.

நான் அதிகம் நேரம் செலவழித்தது எண்ணெய்க் குழாய்களில்தான். எண்ணெய் போக வேண்டிய நிப்பிளில் முந்தைய உரிமையாளர் பல ஆண்டுகளாக கிரீஸ் அடித்திருந்தார். கிரீஸ் கெட்டியாகி, அரிக்கேன் விளக்கின் திரிபோல் குழாய்களை அடைத்து, வழித்தடத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூடப் போகவில்லை. தேய்மானத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. குழாய்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்தேன். சொட்டுகளை அளந்துவிடும் சிறு வால்வுகள் அடைத்தால் சுத்தம் செய்ய முயலாமல் புதிது போடுங்கள்.

வழித்தடத்துக்கு ஸ்லைடுவே எண்ணெய், 68 தரம். அது இரும்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு லிட்டர் வீட்டுப் பட்டறைக்குப் பல மாதம் வரும். என்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள்.

கைப்பிடியைத் திருப்பினால் கால் சுற்று வரை டேபிள் நகரவில்லை. டேபிளை நகர்த்தும் லீட் ஸ்குரூவை மாற்ற வேண்டுமா?

உடனே முடிவுகட்ட வேண்டாம். ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் ஸ்குரூவில் கால் சுற்று என்றால் 1.25 மி.மீ. விளையாட்டு (தளர்வு), அதிகம்தான். ஆனால் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டேபிளின் நடுவிலும் இரு முனைகளிலும் டயல் வைத்து அளவெடுங்கள். மூன்று இடத்திலும் ஒரே அளவு என்றால் கெட்டிருப்பது நட், அல்லது முனையில் உள்ள பேரிங் தளர்ந்திருக்கிறது. நடுவில் அதிகம், முனைகளில் குறைவு என்றால் ஸ்குரூவே தேய்ந்திருக்கிறது. எனக்கு மூன்றில் இரண்டு பங்கு விளையாட்டு முனை பேரிங்கின் பூட்டு நட் தளர்ந்ததால் வந்தது, இறுக்கியதும் போய்விட்டது. மீதிக்கு ஒரு டர்னரிடம் கன்மெட்டல் என்ற வெண்கலத்தில் புதிய நட் கடைந்து வாங்கினேன்.

0.1, 0.2 மி.மீ. மிச்சம் இருந்தால் அதோடு வாழலாம். டிஜிட்டல் அளவுகாட்டி பொருத்தினால் அளவுப் பிழை மறைந்துவிடும், ஏனென்றால் அது ஸ்குரூவை அல்ல, டேபிளையே அளக்கிறது. ஆனால் அது விளையாட்டைப் போக்காது. கட்டர் சுற்றும் திசையிலேயே வேலைப்பொருளை ஊட்டினால் கட்டர் டேபிளைச் சட்டென்று தன்பக்கம் இழுத்து உடையும். எதிர்த்திசையில் ஊட்டியே வெட்டுங்கள்.

வழித்தடங்களைச் செதுக்க வேண்டுமா?

பெரும்பாலான வீட்டுப் பட்டறைகளுக்குத் தேவையில்லை. வழித்தடத்தின் தளர்வைச் சரிசெய்யும் ‘ஜிப்’ (gib) என்ற ஆப்பு வடிவத் தகட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, முனைகளில் பிடிக்காத அளவுக்கு இறுக்கினாலே பாதிக் குறை நீங்கும். நீலம் தடவிப் பார்த்து மேட்டைச் செதுக்கும் கலை அருமையானது; கை தேர்ந்த ஃபிட்டர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால், மெஷினுக்காக இல்லாவிட்டாலும் கற்றுக்கொள்வதற்காகப் போய் உட்காருங்கள்.

ஹெட் நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஸ்பிண்டிலில் டயலை ஒரு கம்பியில் பொருத்தி, டேபிளின் மீது வட்டமாகச் சுற்றுங்கள். இடம், வலம், முன், பின் நான்கு இடத்திலும் ஊசி 0.02 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். டேபிளின் பள்ளங்களில் டயல் முனை விழுந்து தொல்லை தரும். பழைய பெரிய பேரிங்கின் வெளிவளையத்தை டேபிளில் வைத்து அதன் மீது சுற்றினால் தொல்லை தீரும்; அதன் இரு முகங்களும் இணையாக கிரைண்ட் செய்யப்பட்டவை.

பெயிண்ட் எப்போது?

எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஓட்டிய பிறகு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், ரிமூவர் தடவி ஈரமாகச் சுரண்டுங்கள். என் மெஷினின் பெயர்ப்பலகையில் பல ஆண்டு ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் இறுகியிருந்தன. மற்ற எல்லா இடத்தையும் கழுவினேன், அந்தப் பலகையை மட்டும் அப்படியே விட்டேன்.

முதலில் எதை வெட்டிப் பார்ப்பது?

இரண்டு அங்குல மைல்டு ஸ்டீல் கட்டை ஒன்றை எடுத்து, ஆறு முகங்களையும் சதுரமாக்குங்கள். 12 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) எண்ட் மில் கட்டருக்கு நிமிடத்துக்கு 650 சுற்று போதும். கணக்கு எளிது, வெட்டு வேகம் 25 மீட்டரை ஆயிரத்தால் பெருக்கி, 3.14ஆலும் கட்டர் விட்டத்தாலும் வகுக்க வேண்டும். ஆழம் அரை மி.மீ. மட்டும். கையுறை போடாதீர்கள், தோளில் துண்டு கிடக்கக் கூடாது, கண்ணாடி அணியுங்கள், கோலெட்டை இறுக்கும் டிரா பாரின் ஸ்பானரை மேலே மறந்து விட்டுவிடாதீர்கள்.

கட்டையின் எதிரெதிர் முகங்களை மைக்ரோமீட்டரில் நான்கு மூலைகளிலும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். என் முதல் கட்டையில் மூலைக்கு மூலை 0.08 மி.மீ. வித்தியாசம் வந்தது. ஜிப்பை மறுபடி இறுக்கி, வைஸின் அடியைத் துடைத்து மீண்டும் வெட்டியபோது 0.03. இரண்டு கட்டைகளும் கொட்டகை ஜன்னலில் இருக்கின்றன, தேதி பொறித்து.